இந்த வீட்டில் இப்போது இரவு

உச்சி வெயிலில் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெறுங்காலோடு நடந்துபோன ஒரு பெண்மணியைப் பார்த்து, ஏதோ அம்மனுக்கு வேண்டுதல் போலிருக்கிறது என்று என் மனைவியிடம் சொன்னேன். அவர் பழவேற்காட்டில் துணி வியாபாரம் செய்த முஸ்லிம் குடும்பத்தில் பிறந்தவர் என்பது மறுநாள் தெரிந்தது. மனிதர்களைப் பார்த்த மாத்திரத்தில் எடை போட்டுவிடுவேன் என்று நான் நம்பிக்கொண்டிருந்த காலம் அது.

கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டைக்குப் பின்னால், வயலாக இருந்து மனையாக மாறிய இடத்தில் எங்கள் தெரு. இரண்டாயிரங்களின் நடுவில் அங்கே வீடு கட்டிக் குடிபோனோம். அந்தப் பெண்மணி முதல் ஷிஃப்ட் முடிந்து, பிற்பகலில் கம்பெனி பஸ்ஸிலிருந்து தெருமுனையில் இறங்குவார். கொஞ்ச தூரம் செருப்போடு வருவார். சில வீடுகளை நெருங்கினால் கழற்றிக் கையில் எடுத்துக்கொள்வார். தாண்டியதும் போட்டுக்கொள்வார். மறுபடி கழற்றுவார். ஐம்பதைத் தாண்டியவர், கொஞ்சம் கனத்த உடம்பு, ஜல்லி கொட்டிய ரோடு. பார்க்கிற நமக்கே உள்ளங்கால் சுடும்.

அவர் செருப்பைக் கழற்றிய வீடுகளின் கேட்டில் எல்லாம் ஒரு மஞ்சள் ஹெல்மெட் தொங்கியது. ஆலைக்குள் போட்டுக்கொள்கிற ஹெல்மெட். ராத்திரி ஷிஃப்ட் முடித்து வந்தவர் தூங்கப் போகும்போது அதைக் கேட்டில் மாட்டிவிட வேண்டும், எழுந்ததும் எடுத்துவிட வேண்டும். ஹெல்மெட் தொங்கினால் அந்த வீட்டில் அப்போது ராத்திரி. காலை பத்து மணியானாலும் சரி, தலைக்கு மேல் சூரியன் நின்றாலும் சரி, ராத்திரிதான். செருப்புச் சத்தம்கூட ஆகாது. தெருவில் இந்த வழக்கத்தைக் கொண்டுவந்தவர் அவர்.

ஒரு பெரிய இரும்பு வார்ப்பு ஆலையில் டைம் ஆபீஸில் இருந்தார். யார் எத்தனை மணிக்கு உள்ளே போனார்கள், எப்போது வெளியே வந்தார்கள் என்று அட்டைகளை அடுக்கிக் கணக்கு வைக்கிற வேலை. எங்கள் குடியிருப்போர் சங்கத்துக்கும் அவர்தான் செயலாளர். தெருவில் எல்லோருக்கும் ‘டைம் ஆபீஸ் அக்கா’. அவரைவிட மூத்தவர்களுக்கும் அக்காதான். பெயரைச் சொல்லி யாரும் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவர் எப்போது வந்தோம் எப்போது போனோம் என்று நம்மைக் கேட்டுவிடுவாரோ என்கிற பயம்.

பயத்துக்குக் காரணம் இருந்தது. ஒருநாள் கம்பெனி பஸ் பஞ்சராகி எல்லோரும் தாமதமாகப் போய்ச் சேர்ந்தார்கள். அதே ஆலையில் வேலை பார்த்த அவருடைய சொந்தத் தம்பி, “அக்கா, பஸ்ஸு தப்புதானே, நம்ம தப்பா?” என்று கெஞ்சியிருக்கிறார். அக்கா மறுக்கவில்லை. பஸ்ஸின் தப்புதான் என்று ஒப்புக்கொண்டு, தம்பிக்குத் தாமதம் போட்டார். அதே பஸ்ஸில் வந்த தனக்கும் போட்டுக்கொண்டார். தம்பி அந்த ரம்ஜானுக்கு வீட்டுக்கு வரவில்லை. பிரியாணி எங்களுக்கு வந்தது.

இப்படிப்பட்டவர் தெருவை எப்படி வைத்திருப்பார் என்று சொல்ல வேண்டியதில்லை. தள்ளுவண்டிக் காய்கறிக்காரர் எங்கள் தெருவுக்குள் நுழைந்ததும் வாயை மூடிக்கொண்டு ஒரு கையில் கத்திரிக்காயையும் மறு கையில் முருங்கைக்காயையும் உயர்த்திக் காட்டியபடி வருவார். தூரத்திலிருந்து பார்த்தால் யாருக்கோ சரணடைய வருகிறவர் மாதிரி இருக்கும். ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது குழாய் ஒலிபெருக்கியை வயல் பக்கம் திருப்பிவைக்கச் சொல்லிவிட்டு, பதிலுக்குக் கூழ் ஊற்றும் வேலையில் பாதியைத் தானே செய்தார். தெருவில் அவர் பேசினால் குசுகுசுவென்றுதான் பேசுவார். அவருடைய உண்மையான குரல் எப்படி இருக்கும் என்று எங்களில் யாருக்கும் தெரியாது.

நான் ஏசி வாங்கியது இந்தத் தெருவில்.

மனைவிக்குக் கர்ப்பப்பையை எடுக்கும் ஆபரேஷன் ஆகியிருந்தது. அதற்குப் பிறகு பிற்பகல் சூடு அவளுக்குத் தாங்கவில்லை. உடம்புக்குள்ளிருந்தே அனல் வருகிறது என்றாள். கடைக்காரர் குளிர்காலத்தில் அறையைச் சூடாக்கவும் செய்கிற ஒரு மாடலைக் காட்டினார். கும்மிடிப்பூண்டியில் வாழ்கிறவனிடம் சூட்டை விற்கிறாரே என்று நினைத்தபடி அதையே வாங்கிவந்தேன். நான் விற்பனையாளர்களுக்குப் பிடித்த மனிதன்.

அறைக்குள் மாட்டுகிற பாகத்தில் தகராறு இல்லை. வெளியே மாட்டுகிற பெட்டிதான் தொல்லை. எங்கள் வீட்டுக்கும் பக்கத்து வீட்டுக்கும் நடுவே இருந்த சந்தில்தான் அதற்கு இடம். பஞ்சாயத்து அனுமதி கொடுத்த வரைபடத்தில் அந்தச் சந்தில் காற்று தாராளமாகப் போய்வரும். நேரில் ஒரு பூனை போவதற்கே யோசிக்கும். தெருவில் எல்லோருடைய வரைபடமும் அப்படித்தான். மாட்டிய அன்றைக்குப் பெட்டியின் முகம் நேராகப் பக்கத்து வீட்டுப் படுக்கையறை ஜன்னலைப் பார்த்தது.

பக்கத்து வீட்டுக்காரர் அக்காவின் ஆலையில்தான் வேலை பார்த்தார். உருக்கிய இரும்பை அச்சில் ஊற்றுகிற பிரிவு, எப்போதும் ராத்திரி ஷிஃப்ட். முப்பத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. சாதுவான மனிதர். அவர் புகார் சொல்லவில்லை. அக்காதான் வந்தார், குசுகுசுவென்று.

“இன்னா சார், இதுக்கு பர்மிசன் வாங்கினீங்களா?”

நான் சட்டத்தை மதிக்கிறவன் என்று காட்டுவதற்காக மறுநாளே பஞ்சாயத்து அலுவலகம் போனேன். எழுத்தர், “செவுரு எழுப்பறீங்களா?” என்றார். இல்லை என்றேன். “இடிக்கறீங்களா?” இல்லை. “அப்ப எதுக்கு சார் வந்தீங்க?” என்றார், உண்மையான அக்கறையோடு. திருவள்ளூரில் கட்டட வரைபடங்களுக்கு அனுமதி தருகிற அலுவலகத்துக்குப் போனேன். அது கட்டடமா, இயந்திரமா என்று கேட்டார்கள். தொங்குகிறது என்றேன். தொங்குவதற்கு அவர்களிடம் விதி இல்லை. மாசு தடுக்கிற அலுவலகத்தில் புகை வருமா என்று கேட்டார்கள். காற்று வரும், சத்தம் வரும் என்றேன். சத்தத்துக்கு விதி இருந்தது. குடியிருப்புப் பகுதியில் பகலில் இவ்வளவு போகலாம், இரவில் அதைவிடக் குறைவு. இரவு என்பது பத்து மணி முதல் காலை ஆறு மணி வரை. பிரதி எடுத்துக்கொண்டு வெற்றி வீரனாகத் திரும்பினேன். ஏசி ஓடப்போவது பிற்பகலில். பகல் சத்தத்துக்குள் என் பெட்டி தாராளமாக அடங்கும்.

அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொறுமையாகப் படித்தார். பிறகு தாளை என்னிடம் திருப்பித் தந்து, “இத எழுதினவரு காலையில போய் சாயங்காலம் வர்ற ஜெனரல் ஷிஃப்ட்டு போல கீது” என்றார்.

அதோடு விடவில்லை. எந்தச் சத்தத் தகராறிலும் அவருக்கு ஒரு முறை உண்டு. சத்தம் போடுகிறவர் போய் எதிராளியின் வீட்டில் இருந்து அதைக் கேட்க வேண்டும். நான் வேலை பார்த்த கம்பெனிக்கு வார விடுமுறை புதன்கிழமை. அந்தப் புதன் பிற்பகல் என்னைப் பக்கத்து வீட்டுக் கட்டிலில் படுக்கவைத்தார். என் வீட்டில் மனைவி ஏசியைப் போட்டாள். கட்டிலுக்குப் பக்கத்தில் ஒரு ஸ்டூலில் அக்கா. வாசற்படியில் வீட்டுக்காரர், யார் வீட்டுக்கோ வந்தவர் மாதிரி கூச்சத்தோடு. ஜன்னல் வழியாக என் பெட்டி ‘ம்ம்ம்’ என்றது. நன்றாகக் கேட்டு, ஒரு நடுநிலையான முடிவுக்கு வர வேண்டும் என்று கண்ணை மூடினேன்.

தூங்கிவிட்டேன்.

விழித்தபோது மூவரும் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூன்றாவது ஆள் வீட்டுக்காரரின் மனைவி, காபியோடு. எனக்கு வெட்கமாக இருக்கவில்லை, உற்சாகமாக இருந்தது. “பார்த்தீங்களா அக்கா? நானே தூங்கிட்டேன். இதுல இன்னா தொல்லை?”

“அது உங்க ஏசி சார்” என்றார் அக்கா. “ஓடுதுன்னு உங்களுக்கு நிம்மதி, தூங்கிட்டீங்க. இப்ப ஏன் முழிச்சிக்கினீங்க?”

யோசித்தேன். கரண்ட் போயிருந்தது. ‘ம்ம்ம்’ நின்றதால்தான் விழித்திருந்தேன்.

பக்கத்து வீட்டுக்காரர், “வுடு அக்கா. அம்மாவுக்கு ஆப்பரேசன் ஆயிருக்குது. போட்டுக்கட்டும், நான் பஞ்சு வெச்சிக்கினு படுத்துக்கறன்” என்றார்.

“நீ சும்மா இரு” என்றார் அக்கா. “ராத்திரி கொதிக்கிற இரும்பு முன்னாடி நிக்கப்போறது நீயா நானா? ஒரு கொட்டாவி வுட்டா கால் பூடும்.” என் பக்கம் திரும்பினார். “ஹெல்மெட்டு தொங்கறவரைக்கும் ஏசி ஓடக்கூடாது சார். அம்மா மத்தியானத்துல நம்மூட்டுக்கு வரட்டும். வடக்குப் பக்கம் ரூம்பு, வேப்பமரம் நெழலு. நான் வர்ற வரைக்கும் சாவி எதிரூட்ல இருக்கும்.”

அப்படியாக, நான் ஏசி வாங்கிய கோடையில் என் மனைவி தினமும் பிற்பகலில் அடுத்த வரிசையில் அக்காவின் வீட்டில், வேப்பமர நிழலில், மின்விசிறிக்குக் கீழே தூங்கினாள். உடம்பு தேறியது. கட்சியும் மாறினாள். நான் ஏதாவது முணுமுணுத்தால், “அக்கா சொன்னா சரியாத்தான் இருக்கும்” என்பாள். மாலையில் ஹெல்மெட்டை எடுத்த பிறகு ஏசியைப் போடுவோம். மின்வெட்டு வந்துவிடும். எங்கள் தகராறில் பாதியை மின்வாரியம் தீர்த்துவைத்தது.

எனக்கு உள்ளூரக் கசப்பு இருந்தது. விதி என் பக்கம், தாளும் என் கையில். ஆனாலும் ஒரு விஷயத்தைத் தள்ளிவிட முடியவில்லை. இரவு எப்போது வரும் என்பதை நான் அதுவரை கடிகாரத்திலிருந்துதான் தெரிந்துகொண்டிருந்தேன். ஊரே தூங்கும்போது இரும்பின் முன்னால் நிற்கிறவனுக்கு, ஊர் தன் இரவில் ஒரு துண்டை எடுத்துப் பகலில் தர வேண்டியிருக்கிறது. அதைக் கேட்டு வாங்கித்தர ஒருவர் வெறுங்காலோடு நடக்கிறார். இதையெல்லாம் அப்போதே நான் இவ்வளவு அழகாக நினைக்கவில்லை. அப்போது நினைத்தது, “இந்தம்மாவுக்கு வேற வேலையே இல்லையா?”

பிறகு ஒரு வருடத்தின் கடைசியில் ஆலைகளுக்கு ஆர்டர் குறைய ஆரம்பித்தது. எங்கோ வெளிநாட்டில் வங்கிகள் கவிழ்ந்ததற்குக் கும்மிடிப்பூண்டியில் உலைகள் அணைந்தன. ஒவ்வோர் ஆலையாக ராத்திரி ஷிஃப்ட்டை நிறுத்தியது. முதலில் ஒப்பந்த ஆட்களை அனுப்பினார்கள். கேட்டுகளில் ஹெல்மெட் குறைந்துகொண்டே வந்தது. தெருவில் பகல் அதிகமானது. அக்கா செருப்பைக் கழற்றுவதும் குறைந்தது. கடைசியில் ஒரே ஒரு ஹெல்மெட் மிஞ்சியது. என் பக்கத்து வீட்டு ஹெல்மெட்.

ராத்திரியானதும் அவர் சாப்பாட்டுப் பையோடு சைக்கிளில் கிளம்புவார். காலையில் வருவார். ஹெல்மெட்டை மாட்டுவார். உள்ளே போவார். இந்த ஆள் மட்டும் எப்படித் தப்பித்தார் என்று வியந்தேன்.

ஒருநாள் சென்னைக்குப் போய்விட்டு ராத்திரி கடைசி ரயிலில் திரும்பிக்கொண்டிருந்தேன். மீஞ்சூரில் ரயில் நின்றது. பிளாட்பார பெஞ்சில் அவர் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் சாப்பாட்டுப் பை, மடியில் ஹெல்மெட். ஷிஃப்ட் தொடங்கியிருக்க வேண்டிய நேரம். ரயில் ஏற வந்தவர் மாதிரியும் இல்லை, யாருக்கோ காத்திருப்பவர் மாதிரியும் இல்லை. என்னைப் பார்த்துவிடக் கூடாதே என்று செய்தித்தாளை விரித்துப் பிடித்துக்கொண்டேன்.

அடுத்த புதன் பிற்பகல், அக்கா பஸ்ஸிலிருந்து இறங்கியதும் பிடித்துக்கொண்டேன். பார்த்ததைச் சொன்னேன். இரக்கத்தோடுதான் சொன்னேன், ஆனால் கடைசியில் ஏசிக்கு வந்து சேர்ந்தேன். “வேலைக்கே போகாதவருக்காக எதுக்கு அக்கா நாங்க வேகணும்?”

அக்கா ஆச்சரியப்படவில்லை. “அவரு கார்ட எடுத்துட்டாங்க சார். நான்தான் என் கையால எடுத்தேன்” என்றார். பிறகு, “யார்கிட்டயாவது சொன்னீங்களா?”

“ஊட்ல மட்டும்.”

“அதோட நிறுத்திக்கங்க. அவரு பொண்டாட்டிக்குத் தெரியாது. மாசமா இருக்குது அது. ராத்திரியில மீஞ்சூர் பக்கம் குடோன்ல மூட்டை எறக்கறதுக்கு எப்பனா கூப்புடுவாங்க, கூப்புடலன்னா டேசன்லயே குந்திக்கினு இருப்பாரு. வேற எடம் கெடைச்சதும் அவரே சொல்லிக்கறேன்னாரு.”

“அப்ப ஏசி?”

அக்கா குரலை இன்னும் தாழ்த்தினார். “அசந்து தூங்கறவன் எந்தச் சத்தத்துலயும் தூங்கிடுவான் சார். நீங்களே தூங்கினீங்களே. தூக்கம் வராம கண்ண மூடிக்கினு கெடக்கறான் பாருங்க, அவனுக்குத்தான் எல்லாம் பெருசா கேக்கும்.” செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, தூங்காத அந்த மனிதரின் வீட்டைத் தாண்டிப் போனார்.

சங்கக் கூட்டம் ஒரு ஞாயிறு மாலை, தெருமுனையில் இருந்த மழலையர் பள்ளியில் நடந்தது. குழந்தைகளின் பெஞ்சுகளில் முழங்காலை மோவாய்க்கு முட்டுக் கொடுத்து உட்கார்ந்திருந்தோம். பெண்கள் வரிசையில் பக்கத்து வீட்டுக்காரரின் மனைவி இருந்தாள், நிறைமாதம். அவர் கடைசி பெஞ்சில். சங்கப் பொருளாளர் எழுந்தார். சமீபத்தில் அவரும் ஏசி வாங்கியிருந்தார். அவர் வீடு பக்கத்து வீட்டுக்காரரின் மறுபக்கம்.

“தெருவுல இப்ப ஒரே ஒரு ஹெல்மெட்டுதான் தொங்குது” என்றார் பொருளாளர். “ஒரு ஆளுக்கோசரம் எல்லாரும் வாய மூடிக்கினு பேஜாரு. அந்த ஒண்ணும் நெசமான்னு தெரியல. அந்தக் கம்பெனில நைட்டுல ஒலையே எரியலன்றாங்க.” கடைசி பெஞ்சைப் பார்த்துத் திரும்பினார். “இன்னா நைனா, நீயே சொல்லேன். ஷிஃப்ட்டுக்குப் போறியா, இல்லியா?”

பெண்கள் வரிசையில் அந்தப் பெண் கழுத்தைத் திருப்பிப் புருஷனைப் பார்த்தாள். அவர் வாயைத் திறந்தார்.

அக்கா எழுந்தார். “அவர இன்னாத்துக்குக் கேக்கறீங்க? டைம் ஆபீஸு நானு. என்னக் கேளுங்க.”

“சரி, நீங்களே சொல்லுங்க. போறாரா?”

“போறாரு.”

“நைட் ஷிஃப்ட்டு?”

“நைட் ஷிஃப்ட்டு. கார்டு தெனம் என் கையிலதான் வருது.”

பொருளாளர் உட்கார்ந்துவிட்டார். தனக்கே தாமதம் போட்டுக்கொண்டவர் சொன்ன பிறகு கடிகாரத்தை வேறு யாரிடம் போய்க் கேட்பது? அந்தப் பெண் முகத்தைத் திருப்பிக்கொண்டு முந்தானையால் விசிறிக்கொண்டாள். உண்மை தெரிந்த நானும் என் மனைவியும் கரும்பலகையில் யாரோ குழந்தை வரைந்திருந்த யானையை ஊன்றிப் பார்த்தோம். அடுத்த தீர்மானம் தெருவிளக்கு.

திரும்பி வரும்போது அக்கா எங்களோடு நடந்தார். நான் ஏதாவது நல்லதாகச் சொல்ல வேண்டும் என்று தேடிக்கொண்டிருந்தேன். அவரே நின்றார். “நேரத்த மாத்திச் சொன்னது இதான் மொத தடவ சார்” என்றார். என் மனைவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள்.

அந்த வாரப் புதன் பிற்பகல் பக்கத்து வீட்டுக் கேட்டில் ஹெல்மெட் இல்லை. யாராவது திருடிக்கொண்டு போய்விட்டார்களோ என்று எட்டிப் பார்த்தேன். அவரே லுங்கியோடு வந்து எங்கள் வாசலில் நின்றார்.

“சார், ஏசி போட்டுக்கங்க.”

“ஷிஃப்ட் மாறிடுச்சா தம்பி?”

“ஷிஃப்ட்டே இல்ல சார். உங்களுக்குத்தான் தெரியுமே. மீஞ்சூர்ல என்னைப் பாத்துட்டுப் பேப்பரத் தூக்கி மூஞ்சிய மறைச்சிக்கினீங்க. பேப்பரு தலைகீழா இருந்துச்சி.” லேசாகச் சிரித்தார். “நேத்து ஊட்ல சொல்லிட்டன். அழுதுச்சி. அப்புறம் சோறு போட்டுச்சி.”

“அதான் அக்கா சொல்லிட்டாங்களே, இனிமே யாரும் கேட்டிருக்க மாட்டாங்களே தம்பி.”

“அதனாலதான் சார். கூடப் பொறந்த தம்பிக்கே மாத்தாதது, எனக்கோசரம் மாத்திச் சொல்லிச்சி. அதுக்கப்புறம் ஹெல்மெட்ட எடுத்து மாட்டப் போனா கை வரல.”

ஏசியைப் போட்டேன். அதிசயமாகக் கரண்ட் இருந்தது. மனைவி தன் சொந்தக் கட்டிலில் படுத்துக்கொண்டு, என்னவோ புழுக்கமாக இருக்கிறது, வேப்பங்காற்று மாதிரி வராது என்றாள்.

அக்கா வருகிற நேரம். ஜன்னலில் நின்றேன். தெருமுனையில் இறங்கினார், நடந்தார், பழக்கத்தில் எங்கள் வீட்டுக்கு முன்பாகவே செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்தார். பக்கத்து வீட்டுக் கேட்டைப் பார்த்தார். நின்றார். வெறும் கேட். வெயிலில் கண்ணை இடுக்கிக்கொண்டு மறுபடி பார்த்தார். என் பெட்டி ஓடுகிற சத்தம் அவருக்குக் கேட்டிருக்க வேண்டும், ஜன்னல் பக்கம் ஒருமுறை திரும்பினார். நான் தலையாட்டினேன்.

கையிலிருந்த செருப்புகளைத் தொப்பென்று தரையில் போட்டார். ஒன்று கவிழ்ந்துகொண்டது. காலாலேயே நிமிர்த்தி மாட்டிக்கொண்டு, டப் டப்பென்று நடந்துபோய்ப் பக்கத்து வீட்டுக் கேட்டின் கொக்கியைப் பிடித்து ஆட்டினார். பிறகு, அந்தத் தெரு அதுவரை கேட்டிராத ஒரு குரலில் கத்தினார்.

“டேய்! உள்ள இன்னாடா பண்ற? பட்டப் பகல்ல படுத்துக்கினு! சட்டையப் போட்டுக்கினு வா, புதுவாயல்ல ஒருத்தன் ஆள் எடுக்கறான், நேரத்துக்குப் போவணும்!”

எதிர் வீட்டு ஜன்னல் திறந்தது. பொருளாளர் வெளியே வந்தார். என் மனைவி கட்டிலிலிருந்து எழுந்து ஓடிவந்தாள். பக்கத்து வீட்டிலிருந்து, சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டே அவர் வந்தார், பின்னால் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தபடி அவர் மனைவி. அக்கா இன்னும் கத்திக்கொண்டிருந்தார். என் ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது. அதன் சத்தம் யாருக்கும் கேட்கவில்லை.